பொட்டு வைத்த பீப்பாய்

பியர் பீப்பாய்க்குச் சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்ட மனுசியை நான் என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். நாங்கள் மேல்மாடி, அவர்கள் கீழே. புதுக் கார் வாங்கினால் சில்லுக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள்தானே நாங்கள். அந்த வழக்கப்படி பார்த்தால் அவர் செய்ததும் சரிதான். பீப்பாய்க்குத் திருநீற்றுக் குறி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கற்பூரம் காட்டிவிட்டு, பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டார். முதல் நாள் உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். அது பிறகு சாராயம் வடிக்கப் போகிற பீப்பாய் என்பது அந்த வீட்டில் இருந்த எங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். பள்ளிக்கூடம் ஒன்றின் கன்ரீனில் வேலை. ஆள் சின்ன உருவம், குரலும் சின்னது. ஆனால் அந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு கரண்டி கூட இடம் மாறாது. குசினிக்கும் முன்னறைக்கும் இடையில் இருந்த கதவைக் கழற்றிப் பின்வளவில் சாத்தி வைத்திருந்தார். சட்டிகளுக்கெல்லாம் கண்ணாடி மூடி. சோறு வேகிறதைக்கூட அவருக்குப் பார்க்க வேண்டும். மகள் யூனிவர்சிற்றிக்குப் போகத் தொடங்கிய பிறகும் குசினி மேசையில் இருந்துதான் படித்தாள். மான்செஸ்டரில் இடம் கிடைத்தது, அக்கா விடவில்லை. "படிக்கிறதெண்டா என்ர கண்ணுக்கு முன்னால இருந்து படிக்கட்டும்" என்றார். அந்த வசனத்தின் பின்பாதி எதற்கும் வரும். என்ர கண்ணுக்கு முன்னால சாப்பிடட்டும், என்ர கண்ணுக்கு முன்னால அழட்டும், சண்டை பிடிக்கட்டும்.

நான் ரூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தேன். பஸ் பிந்தினால் யன்னலில் அவர் நிற்பார். சொந்த அக்காவே இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று தொடக்கத்தில் உருகிப்போனேன். ஆறு மாதம் போனதும் அதே யன்னலைக் கண்டால் எரிச்சல் வந்தது. கவுன்சில் இந்தத் தெருவுக்குக் கமெரா பூட்டத் தேவையில்லை என்று என் கணவர் சொல்லுவார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் தெரிந்தது. நானும் அவரும் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தோம். தெருவில் யாரோ ஒரு பெடியன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுக் காற்றடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என்ர தம்பியும் சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு வாறன் எண்டுதான் போனவன்."

பிறகு லீக்ஸை வெட்டத் தொடங்கினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருப்பதில்லை.

அவருடைய கணவரை அண்ணை என்போம். பெற்றோல் செற்றில் இரவு ஷிப்ட் செய்து, நாரி பிடித்து, குனிய நிமிர ஏலாமல் வேலையை விட்டவர். நல்ல மனுசன். குடித்தால் இன்னும் நல்ல மனுசன். கையிலிருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவார். பப்பில் தொடங்கி, வாண்டில் என்ற ஆற்றங்கரையில் வாங்குப் பலகையில் பியர் கான்களோடு முடிப்பார். ஒரு பனிக்காலத்தில் அந்த ஆற்றங்கரை நடைபாதையிலேயே விழுந்து கிடந்தார். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரி கண்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அக்கா ஏசுவார், கத்துவார் என்று நாங்கள் மாடிப்படியில் காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை. அடுத்த நாள் என்னிடம் சொன்னார்: "குடிச்சது பரவாயில்லைப் பிள்ளை. எங்கை கிடந்தார் எண்டு எனக்குத் தெரியேல்லை. அதுதான் ஏலாமல் கிடக்கு."

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்லலாம். விளங்கவில்லை. யாருக்குத்தான் விளங்கும்?

அக்கா முதலில் போத்தல் வாங்கி வீட்டில் வைத்துப் பார்த்தார். முடிந்ததும் அண்ணை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த போத்தலுக்குப் புறப்பட்டுவிடுவார். கடையிலிருந்து பூங்கா, பூங்காவிலிருந்து ஆற்றங்கரை. வெளியே போகிற காரணத்தையே இல்லாமல் செய்ய வேண்டும் என்று அக்காவுக்குப் பட்டது. அப்படித்தான் பீப்பாய் வந்தது. இல்ஃபோர்ட்டில் உறவுக்காரர் ஒருவர் பார் நடத்தி மூடினார். அங்கே காசு கொடுத்து வாங்கி, காரின் பின் சீட்டில் பெல்ட் போட்டு இருத்திக் கொண்டுவந்தார். லைசென்ஸ் இல்லாமல் வடிப்பது இந்த நாட்டில் குற்றம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். தான் ஆருக்கு விற்கப் போகிறேன், என்ர மனுசனுக்குத்தானே என்று கேட்டார். என் கணவர் வாய் தவறி "கசிப்பு" என்று சொல்லிவிட்டார். ஊரில் கள்ளச் சாராயத்துக்கு அதுதான் பெயர். அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு "வடிச்சது" என்றுதான் பெயர். சோறு வடிப்பது போல அது ஒரு வீட்டு வேலை, அவ்வளவுதான்.

செய்முறைக்கு யூரியூப். நியூசிலாந்தில் ஒரு தாடிக்காரன், அங்கே வீட்டில் வடிப்பது குற்றமில்லையாம். மிளகாய்த்தூள் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவன் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் செய்வார். அவன் பேசுகிற இங்கிலீஷ் பாதிதான் விளங்கும். கையைப் பார்த்தால் போதும் என்பார். பீப்பாயின் அடிப்பக்கத்தில் துளை போட்டு, கேத்திலுக்குள் இருப்பது போன்ற ஆனால் பெரிய எலிமெண்ட் ஒன்றை அதற்குள் செருக வேண்டும். துளை போடுகிற இடத்துக்கு எண்ணெய் விடச் சொன்னான் தாடிக்காரன். என்ன எண்ணெய் என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. வீட்டில் இருந்த நல்லெண்ணெயை விட்டார். ட்ரில் சுழலச் சுழல, எரிந்த நல்லெண்ணெய் மணம் மாடி வரை வந்தது. தீபாவளிக் காலை போல இருக்கிறது என்று நான் சிரித்தேன்.

முதல் தரம் எலிமெண்டின் ரப்பர் வாஷர் வழியாகத் தண்ணீர் ஒழுகியது. இரண்டாம் தரம் மெயின் சுவிட்ச் விழுந்து வீடு முழுவதும் கரண்ட் போனது. வாஷிங் மெஷினுக்குள் என்னுடைய வேலைச் சட்டை நனைந்தபடியே நின்றுவிட்டது. எர்த் வயரைப் பிழையாகக் கொடுத்திருந்தார். அதைச் சரிசெய்த பிறகும் அக்கா திருப்திப்படவில்லை. பீப்பாய் முழுக்க இரும்பு, உள்ளே பார்க்க முடியாது. பிறகு அதன் பக்கவாட்டில் இன்னும் இரண்டு துளை போட்டு, தண்ணீர் மட்டம் தெரிய ஒரு கண்ணாடிக் குழாயைப் பூட்டினார். தாடிக்காரனின் பீப்பாயில் அது இருக்கவில்லை. "உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு தெரியாட்டி எனக்கு நெஞ்சு அடைக்கும்" என்றார். அண்ணை இவ்வளவையும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போக அவருக்கு அனுமதியில்லை. "என்ர மனுசி எனக்கு ஃபாக்டரி போடுறா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சீனி, உலர்ந்த முந்திரிகைப்பழம், அன்னாசித் தோல், ஈஸ்ட் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியில் புளித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை பகலில் வடிப்பு. முதலில் சொட்டுவது கண்ணுக்குக் கூடாதாம், அதை எடுத்து யன்னல் துடைப்பார். அந்தத் தெருவிலேயே எங்கள் யன்னல்தான் பளபளப்பு. மிச்சத்தைத் தண்ணீர் கலந்து கண்ணாடிச் சாடியில் ஊற்றி வைப்பார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அண்ணைக்குத் தேத்தண்ணிக் கிளாசில் அளந்து ஊற்றிவிட்டு, எதிரே இருந்து வெங்காயம் உரிப்பார். அண்ணை மருந்து குடிக்கிறவர் மாதிரிக் குடிப்பார். இன்னும் வேண்டுமென்றால் கிளாசை நீட்டுவார், ஊற்றப்படும். மறுப்பென்று ஒன்று இல்லை. அதே மேசையின் மறு முனையில் மகள் புத்தகத்தோடு இருப்பாள். "இது ஜெயில் விசிட் மாதிரி, அன்ரி" என்று ஒரு முறை மாடிப்படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

அண்ணை பிறகு வெளியில் விழவேயில்லை. தமிழ்க் கடையில் நிற்கிற பெண்கள் அக்காவை மெச்சினார்கள். மனுசனை வீட்டில் இருத்திவிட்டாள், கெட்டிக்காரி என்றார்கள். வீட்டுக்குள் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணையின் சப்பாத்துகள் பெட்டியில் போட்டு, கூரைக்குக் கீழே இருந்த அட்டாலிக்கு ஏற்றப்பட்டன. செருப்பு மட்டும் மிஞ்சியது. மனுசன் வர வரச் சுருங்கிக்கொண்டு வந்தார். நான் ஒரு தரம் அக்காவிடம் அளவைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தால் எழும்பிப் போய்விடுவார் என்றார். அதைச் சொன்னபோது அவருடைய குரலில் இருந்தது கோபமல்ல, சுத்தமான பயம்.

ஒரு காலையில் அண்ணையின் கண் மஞ்சளாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டொக்டர் ஒரு சின்னப் பெட்டை, பொறுமையானவள். மொழிபெயர்க்கிறதற்குப் போனில் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாள். தமிழ்நாட்டுப் பெண். இவர் என்ன குடிக்கிறவர் என்று கேள்வி. வெளியில் குடிக்கிறதில்லை, வீட்டில் வடிச்சதுதான் என்றார் அக்கா.

"வடிச்சதுன்னா, சோறு வடிச்ச தண்ணியா மா?" என்றது போன்.

"ஓம், வடிச்சதுதான்" என்றார் அக்கா.

அவர் வெள்ளைச் சோற்றுக் கஞ்சி குடிக்கிறார் என்று அந்தப் பெண் இங்கிலீஷில் அழகாகச் சொன்னாள். டொக்டர் எழுதப் போனாள். கட்டிலில் கிடந்த அண்ணை சிரிப்பு வந்து இருமினார். அக்காவுக்கு உண்மையிலேயே விளங்கவில்லையா, விளங்காதது போல இருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குப் பொறுக்கவில்லை. அது கஞ்சியில்லை, சாராயம், வீட்டில் காய்ச்சுவது, தினமும் குடிக்கிறார் என்று டொக்டருக்கு நேரே சொன்னேன். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. டொக்டர் தெளிவாகச் சொன்னாள். இனித் தொட்டால் ஈரல் தாங்காது, விட்டால் கொஞ்சக் காலமாவது நன்றாக இருக்கலாம். அண்ணையை வார்டில் வைத்திருந்து, குடியை மறக்க வைத்து அனுப்பினார்கள்.

பிறகு வந்த வசந்த காலத்தை நான் மறக்க மாட்டேன். அண்ணை குடிக்கவில்லை. அட்டாலியில் ஏறிச் சப்பாத்தைத் தானே தேடி எடுத்துத் துடைத்துப் போட்டார். லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போய்வரத் தொடங்கினார். அங்கே அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டக் கூப்பிட்டார்களாம். சர்க்கரைப் பொங்கலோடு மாடியேறி வந்து எங்களுக்குத் தருவார். கோவில் முடிந்தால் நேரே வீட்டுக்கு வருவதில்லை, டி.எல்.ஆர் ரயில் ஏறி எங்காவது போய்வருவார். "அதுக்கு டிரைவர் இல்லைப் பிள்ளை. முன் சீட்டில இருந்தா நாங்கள்தான் ஓட்டுற மாதிரி" என்றார். ஐம்பத்தெட்டு வயது மனுசன், கண்ணெல்லாம் வெளிச்சம். நான் அப்போது கருவுற்றிருந்தேன். பிள்ளை பிறந்தால் அந்த முன் சீட்டுக்குத் தான்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று முற்பதிவு செய்து வைத்தார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம், ஒருவரைத் தவிர. அக்கா கன்ரீன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு யன்னலில் நின்றார். போன் மேல் போன் எடுத்தார். அண்ணை போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவார், அது குசினி மேசையில் கிடந்து அடிக்கும். ஒரு நாள் பின்னாலேயே லூயிஷாமுக்குப் போய், கோவில் வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வந்தார். மனுசன் இப்போதெல்லாம் கண்ணிலேயே படுவதில்லை என்று என்னிடம் முறையிட்டார். நல்ல விசயம்தானே அக்கா என்றேன். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? வீடு பற்றி எரியும்போது கோலம் நன்றாக இருக்கிறது என்று சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

கொஞ்ச நாளில் படிக்கட்டுக்குக் கீழிருந்து மறுபடி புளித்த மணம் வந்தது. கர்ப்பிணிக்கு மூக்கு பொல்லாதது. ஓங்காளித்துக்கொண்டு இறங்கி வந்தேன். பீப்பாய் குசினியில் நின்றது, கண்ணாடிக் குழாயில் மட்டம் தெரிந்தது. அக்கா அதன் முன்னால் கதிரை போட்டு இருந்தார். இது ஆருக்கு என்று கேட்டேன். கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னது மறந்துபோச்சா, இது அவரைக் கொன்றுவிடும் என்று சத்தம் போட்டேன்.

"குடிச்சா வருத்தம் வரும். வந்தா நான் பாப்பன்" என்றார் அக்கா. அமைதியாகத்தான் சொன்னார். "வெளியில போனவை ஆரும் திரும்பி வந்ததை நான் காணேல்லை."

அந்தப் பின்னேரமே அண்ணையைத் தெருமுனையில் மறித்து, வீட்டில் என்ன நடக்கிறது என்று சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பழைய சாடியில் மிஞ்சியிருந்ததில் ஒரு கிளாஸ் முதல் நாளே அவர் முன்னால் வைக்கப்பட்டிருந்தது. வேண்டாமென்று எழும்பினாராம். அக்கா சமைக்கவில்லை, சாப்பிடவில்லை, படுக்கவில்லை, யன்னலை விட்டு அசையவில்லை.

"அவளுக்குப் பயம் பிள்ளை" என்றார். "நான் அந்தக் கதிரையில இருந்து குடிச்சா அவள் நித்திரை கொள்ளுறாள்."

அதற்காகச் சாகப் போகிறீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு, என் வயிற்றைக் காட்டி, வெயிலில் நிற்காமல் போகச் சொன்னார்.

நான் அவர்களின் மகளுக்குச் சொன்னேன். அவள் அப்போது வேலை கிடைத்து வேறிடத்துக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அம்மாவோடு பேச்சுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பீப்பாயின் வயரைப் பிளக்கோடு சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டாள். தகப்பனைத் தன்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினாள். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. கிழமை முடிவதற்குள் அக்கா புதுப் பிளக் பூட்டிவிட்டார். ஈரல் கிளினிக் நர்சுக்கும் நான் சொன்னேன். அவள் வந்து கதைத்தாள், கடதாசி கொடுத்தாள். குடிப்பது அவருடைய சொந்த விருப்பம் என்றால் தங்களால் கட்டாயப்படுத்த ஏலாது என்றாள். விருப்பம் என்று அண்ணையே சொன்னார்.

சப்பாத்து வாசலில் தூசி பிடித்தது. இலையுதிர் காலத்தில் என் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து அண்ணையின் மடியில் வைத்தேன். பிடிக்கக் கையில் பலமிருக்கவில்லை, அக்கா கீழே தன் கையையும் வைத்துக்கொண்டார். மார்கழிக்குள் மனுசன் போய்விட்டார். அதே கதிரையில், பட்டப்பகலில். அக்கா எதிரே இருந்திருக்கிறார்.

செத்தவீட்டுக்குப் பிறகு எட்டுச் செலவு செய்வது எங்கள் வழக்கம். இறந்தவருக்கு என்னென்ன பிடிக்குமோ அதெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைப்போம். மீன், இறைச்சி எல்லாம் வரும், குடிக்கிறவராக இருந்தால் அதுவும் இருக்கும். முன்னறை நிறையச் சனம். பத்தாததற்கு நாங்களும் கைக்குழந்தையோடு சுவரோரம் இருந்தோம். உறவுக்காரர் ஒருவர் நல்ல விஸ்கிப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து, இலையின் வலப்பக்கம் வைத்து, மூடியைத் திறக்கப் போனார்.

அக்கா எழும்பி வந்து அதை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"வேண்டாம். அவர் குடியை விட்டிட்டார்."

சனத்தின் தலைகள் ஆடின. கண்கள் கலங்கின. பழைய குடிதான் ஈரலைத் தின்றுவிட்டது, கடைசிக் காலத்தில் எவ்வளவு ஒழுக்கமாக, கோவிலும் தொண்டுமாக இருந்த மனுசன் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். மகள் எழும்பி வெளியே போனாள். வாசல் கதவு அடிபட்ட சத்தம் கேட்டது. வயதான ஒரு பெண்மணி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயெல்லே பிள்ளை அந்த மனுசனைத் திருத்தி எடுத்தனீ" என்றார்.

"ஓம்" என்றார் அக்கா.

அவருடைய பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பீப்பாயைக்கூட ஒரு நாள் நான் மன்னித்துவிடுவேன். ஆனால் அந்த மனுசன் தன் வாழ்நாளில் தானாகச் செய்து முடித்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வசந்த காலம். அதையும் எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்ட அந்த "ஓம்" இருக்கிறதே, அதை என்னால் மன்னிக்க ஏலாது.